வாணிகத் தடை யாரை வாட்டும்?

(ஊர்காவற்றுறையில் ஆற்றப்பட்ட உரை)



இத்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் லைடன். நயினாதீவுக்கு இட்ட பெயர் ஹார்லெம். அவர்களுடைய ஊர்ப் பெயர்கள் நம் கடலுக்கு வந்தது எவ்வாறு? ஒரு வாணிகத் தடையும் அதற்குக் காரணம் என்போம்.

ஒல்லாந்தர் ஸ்பானிய மன்னனை எதிர்த்துப் போராடிய காலம் அது. 1580இல் போர்த்துக்கலும் அம்மன்னன் வசமாயிற்று. ஒல்லாந்தக் கப்பல்கள் தானியம் கொண்டுவந்து, லிஸ்பனில் மிளகும் கறுவாவும் ஏற்றிச் செல்வது வழக்கம். எதிரியின் வருவாயை முறிக்க எண்ணி, 1585இலும் 1598இலும் ஸ்பானிய அரசு அக்கப்பல்களை மறித்தது. விளைந்தது என்ன? தானியமின்றித் தடைவிதித்த நாடே இடர்ப்பட்டது. கடை அடைபட்டதும் ஒல்லாந்தர் களஞ்சியத்தையே தேடிக் கிழக்கே புறப்பட்டனர். 1602இல் கிழக்கிந்தியக் கம்பனியை அமைத்தனர். 1658இல் இதோ எதிரே நிற்கும் கடற்கோட்டையையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தனர். பின்னர், தடையால் இங்கு வந்தவர்களே பாக்கு வாணிகத்தையும் யானை வாணிகத்தையும் தமக்கே உரிமையாக்கிப் பிறரைத் தடுத்தனர்!

இவ்வரலாறு நமக்குப் புதிதன்று. 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை மண்ணெண்ணெயை மறித்தது, உரத்தை மறித்தது, சீமெந்தை மறித்தது. போர் நின்றதா? 2009 வரை நீண்டது. வாடியவர் யார்? ஜாம் போத்தலில் திரியிட்டு அவ்வொளியில் படித்த பிள்ளைகள். நீரிறைக்கும் இயந்திரம் ஓயக் கண்முன்னே வெங்காயப் பயிர் கருகக் கண்ட உழவர்கள்.

தடை விதிப்போர் குறிவைப்பது எதிரியின் படையை. அது முதலில் சென்று தாக்குவதோ ஏழையின் அடுப்பை. எந்நாட்டில் எவர் எவர்மேல் தடை விதிப்பினும், இதனை எடுத்துரைக்கும் கடமை, பட்டறிந்த நமக்கு உண்டு.