7,800 கிலோமீட்டர் போக 13 மணி நேரமா?

இன்னைக்கு ஒரு சின்ன கணக்கோட ஆரம்பிக்கலாம். ஃபின்லாந்தோட தலைநகர் ஹெல்சின்கி. அங்கிருந்து டோக்கியோவுக்கு நேரடி விமானத்துல போக எவ்வளவு நேரம் ஆகும்?

என்னை மாதிரி கோட் எழுதுறவங்களுக்கு உடனே ஞாபகம் வர்றது ஹேவர்சைன் ஃபார்முலா. ரெண்டு ஊரோட அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தா, அதுங்களுக்கு நடுவுல இருக்குற மிகக் குறைஞ்ச தூரத்தைச் சொல்லிடும். ஒரு பந்து மேல ரெண்டு புள்ளி வெச்சு, நூலை இழுத்துப் பிடிச்சு அளக்குற மாதிரிதான். விடை சுமார் 7,800 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம்னு வெச்சா எட்டே முக்கால் மணி நேரம் வரும். ஏறுறது, இறங்குறது எல்லாம் சேர்த்தா ஒன்பதரை. 2022 பிப்ரவரி வரைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஆச்சு.

இப்போ ஃபின்ஏர் டிக்கெட்டைப் பாருங்க. சுமார் 13 மணி நேரம்!

ரெண்டு ஊரும் இருந்த இடத்துலயேதான் இருக்கு. ஆனா அந்த நூல் போற வழியில பெரும்பகுதி ரஷ்யா. உக்ரைன் போர் தொடங்கினதும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடுச்சு. பதிலுக்கு ரஷ்யாவும் மூடுச்சு. அதனால ஒண்ணு, வடதுருவத்து மேல போய் அலாஸ்கா பக்கமா இறங்கணும். இல்லைன்னா தெற்கே மத்திய ஆசியா, சீனா வழியா சுத்திக்கிட்டுப் போகணும். துருவத்தைத் தாண்டின பயணிகளுக்கு சர்டிஃபிகேட் எல்லாம் கொடுத்தாங்க!

இது புதுசும் இல்லை. 1983-ல ஃபின்ஏர் டோக்கியோவுக்கு இடைநில்லா விமானம் விட்டப்போ, சோவியத் வான்வெளியைத் தவிர்க்க வடதுருவம் வழியாத்தான் போனாங்க. அப்பவும் சுமார் 13 மணி நேரம். அது டிசி-10 காலம். இன்னைக்கு ஓடுறது ஏ350. நடுவுல இத்தனை வருஷ இன்ஜினியரிங் எரிபொருளை மிச்சம் பிடிச்சது, சத்தத்தைக் குறைச்சது. ஆனா மூடின எல்லையைத் தாண்ட முடியலை.

கூடுதலா மூணரை மணி நேரம் உட்கார்ந்திருக்கணும், அவ்வளவுதானேன்னு தோணலாம். ஒரு விமான நிறுவனத்தோட கண்ணுல பாருங்க. போக ஒன்பதரை, வர ஒன்பதரை, மொத்தம் 19 மணி நேரம். தரையில நிக்கிற நேரத்தையும் சேர்த்து, ஒரே விமானம் 24 மணி நேரத்துல போயிட்டு வந்துடும். மறுநாள் அதே நேரத்துக்கு அதுவே திரும்பக் கிளம்பலாம். இப்போ போக வர 26 மணி நேரம். தினசரி சர்வீஸுக்கு ஒரு விமானம் பத்தாது. எரிபொருள் செலவும் கூடுது, விமானிகளும் கூடுதலா வேணும். ஐரோப்பாவுலேர்ந்து ஆசியாவுக்குக் குறுக்கு வழி நாங்கதான்னு சொல்லி வளர்ந்த நிறுவனம் அது. அந்த அனுகூலம் சில நாள்லயே போயிடுச்சு.

அதே சமயம் சீன விமான நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி திறந்தே இருக்கு. அதனால ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் நடுவுல பல வழிகள்ல, ஐரோப்பிய விமானத்தை விட சீன விமானம் சீக்கிரம் போயிடுது. அதே ஊர்கள்தான், ஆனா விமானத்தோட வால்ல இருக்குற கொடியைப் பொறுத்து நேரம் மாறுது.

'ஊரு எவ்வளவு தூரம்'னு கேட்டா, நம்மாளுங்க 'ரெண்டு மணி நேரம்'னுதான் பதில் சொல்வாங்க. அதுல விஷயம் இருக்கு மக்களே. கிலோமீட்டரை ஃபார்முலா சொல்லிடும். வழி விடுறாங்களா இல்லையான்னு அதுக்குத் தெரியாது.

விமானங்களை நேரலையா காட்டுற ஆப் இருந்தா, ஹெல்சின்கி–டோக்கியோ விமானம் போற கோட்டை ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.