ஐந்தாவது பெட்டி



பெரிய ஸ்தாபனம் ஒன்றை எப்படிப் புரிந்துகொள்வது? நிர்வாகிகள் ஒரு படம் மாட்டி வைப்பார்கள். உச்சியில் டைரக்டர், அடியில் தொழிலாளி. யார் யாருக்கு உத்தரவு போடலாம் என்று அது சொல்லும். வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லாது.

1971 நவம்பரில் சிலி ஜனாதிபதி அலெண்டேயிடம் பிரிட்டிஷ் நிபுணர் ஸ்டாஃபோர்ட் பீர் வேறுவிதமான படம் வரைந்து காட்டினார். தேசியமயமான ஆலைகளை நடத்த வழி தேடிய நேரம் அது. நரம்பு மண்டலத்தைப் போல் ஐந்து பகுதிகள். நடுவே செய்தி ஓடும் கோடுகள். அலெண்டே டாக்டருக்குப் படித்தவர், உடனே பிடித்துக்கொண்டார். ஐந்தாவது பெட்டி ஜனாதிபதிதான் என்று பீர் சொல்ல வாயெடுக்குமுன், அது மக்கள் என்று அவரே சொல்லிவிட்டார்!

பிறகு ஆலைகளுக்கு எஞ்சினியர்கள் போனார்கள். சரக்கு எவ்வளவு ஓடுகிறதோ, கோடு அவ்வளவு தடிமன். எங்கே முடங்குகிறது என்று பார்த்தவுடன் தெரியும். 1972 அக்டோபரில் லாரி முதலாளிகள் நாட்டையே முடக்கப் பார்த்தார்கள். சர்க்கார் கையில் இருந்தவை சுமார் 200 லாரிகள். டெலக்ஸில் வந்த செய்திகளைக் கொண்டு அவற்றைத் தேவையான இடங்களுக்குத் திருப்பினார்கள்.

ஒரு குறையை மறைக்கலாகாது. படம் வரையப் போனவர்கள் பெரும்பாலும் மானேஜர்களையே விசாரித்தார்கள். தறியருகே நிற்பவர்களைக் கேட்டது குறைவு. பெட்டிக்கு மக்கள் என்று பெயரிட்டால் போதுமா? அதைத் திருத்த அவகாசம் இல்லை. 1973 செப்டம்பர் 11 ராணுவச் சதி எல்லாவற்றையும் அழித்தது.

இதோ கரும்பலகை. கிளைகளிலிருந்து நமக்கு வரும் செய்தி எங்கே தங்கிவிடுகிறது? அந்தக் கோட்டை முதலில் வரைவோம்.