பெறுநர் யார்?



மின்னஞ்சலில் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். பத்தாம் வகுப்பில் கூடுதல் பயிற்சி தேவைப்படும் எட்டு மாணவர்களின் மதிப்பெண் பட்டியலைப் பாட ஆசிரியர்களுக்கு அனுப்ப எண்ணினேன். அவசரத்தில் ‘பத்தாம் வகுப்பு’ என்று தட்டச்சு செய்ததும் வந்து நின்ற குழுவுக்கு அனுப்பிவிட்டேன். அது பெற்றோர் குழு. மறுநாள் அந்த எட்டுப் பேரில் ஒருவன் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்கே சென்று மன்னிப்புக் கேட்டுத்தான் அவனை அழைத்து வந்தேன்.

குழு அமைத்தது தவறன்று. பெயரிட்ட முறைதான் தவறு. ஜிமெயிலின் ‘தொடர்புகள்’ பகுதியில் ஒரு லேபிள் உருவாக்கி முகவரிகளைச் சேர்த்துவிட்டால், பெறுநர் கட்டத்தில் அதன் பெயரை இட்டாலே அனைவர் முகவரியும் வந்துவிடும். அந்த வசதியே ஆபத்தும் ஆகும்.

இப்போது என் குழுப் பெயர்கள் ‘யார்’ என்பதில் தொடங்குகின்றன: ‘பெற்றோர் 10அ’, ‘ஆசிரியர் 10அ’. பெற்றோருக்கு எழுதும்போது லேபிளைப் ‘பிசிசி’ கட்டத்தில் இடுகிறேன். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரத்தை அமைப்புகளில் 30 வினாடியாக வைத்துள்ளேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி மாறியோரின் முகவரிகளை நீக்குகிறேன். ஒரு மாணவரின் தனிப்பட்ட செய்தியை எந்தக் குழுவுக்கும் அனுப்புவதில்லை. உரியவரிடம் நேரில் சொல்கிறேன்.

விடைத்தாளில் பதிவெண்ணைச் சரிபார்க்கும் நாம், அனுப்புமுன் பெறுநர் பெயரையும் ஒருமுறை வாசிப்போம்.