நடத்தைக்கும் ஒரு மேற்படிப்பா?

(நம் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இந்த மேடையில் டாக்டர் ஆகுங்கள், வழக்கறிஞர் ஆகுங்கள் என்று பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். இன்று இங்கே யாரும் பேசாத ஒரு படிப்பைப் பற்றிச் சொல்ல விழைகிறேன். பயிற்சிச் சான்றிதழோடு நின்றுவிட்டவன் முதுகலைப் படிப்பைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பீர்கள். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவளே நம் பள்ளியில் படித்த ஒரு பெண்தான்.

அவள் தகப்பனார் இன்றும் பால் வெட்டுகிறவர். இந்தக் கூட்டத்தில்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள் அண்ணே! மகள் உளவியலில் பட்டம் முடித்துவிட்டு, அடுத்து நடத்தை அறிவியலில் முதுகலை படிக்கப் போகிறேன் என்றதும், மனிதர் நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏன் வாத்தியாரே, மனுசன் எப்படி நடந்துக்கிறான்னு படிக்கக் காசு கட்டணுமா? அத நான் முப்பது வருசமா வெட்டுக்காட்டுலயும் லயத்துலயும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்! சேமநிதியில கொஞ்சம் கெடக்கு. இதுக்கு எடுக்கவா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரை அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளோ என்னைத் திருப்பிக் கேட்டாள்: "சார், எங்க வகுப்புச் சுவத்துல நட்சத்திர அட்டை ஒட்டியிருந்தீங்களே, அதனால நாங்க படிச்சோம்னு நினைக்கிறீங்களா?"

அந்த அட்டையில் எனக்குப் பெருமை உண்டு. ஒரு கதைப்புத்தகம் படித்தால் ஒரு நட்சத்திரம். பத்து நட்சத்திரத்துக்கு ஒரு பென்சில் பெட்டி. மூன்றே மாதத்தில் அட்டை நிரம்பிவிட்டது. "நாங்க மெல்லிசாப் பார்த்துத்தான் எடுப்போம் சார். அதுக்கு முன்னாடி நான் தடிப் புத்தகமாத்தான் படிச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். பென்சில் பெட்டி தீர்ந்த பிறகு புத்தக அலமாரியைத் திறக்க ஆள் இல்லாமல் போனது எனக்கு நினைவிருக்கிறது. பிள்ளைகளின் சோம்பல் என்று நினைத்தேன். வகுப்பில் அப்படியே சொல்லித் திட்டியும் இருக்கிறேன்.

பிறகு அவள் ஓர் ஆய்வைக் காட்டினாள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாலர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர் செய்து 1973-இல் வெளியிட்டது. வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள 3 முதல் 5 வயதுக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் "வரைந்தால் நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பின் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள். முன்கூட்டிச் சொல்லப்பட்ட பிள்ளைகள், மற்ற இரு குழுப் பிள்ளைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள்!

பரிசளிப்பு விழாவில் நின்றுகொண்டு பரிசையே குறை சொல்கிறானே என்று அவைத்தலைவர் என்னைப் பார்க்கிறார். ஐயா, எதிர்பாராமல் பரிசு பெற்ற பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. ஆகவே மேசை மேல் இருக்கும் கோப்பைகளைத் தாராளமாகக் கொடுக்கலாம். இந்த விஷயம் அதோடு முடிந்துவிடவும் இல்லை. 1999-இல் வேறு மூவர் 128 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, முன்கூட்டிச் சொல்லித் தரும் பொருட்பரிசு ஆசையைக் குறைக்கிறது என்றார்கள். அப்படியில்லை என்று வாதாடுவோரும் உண்டு. முதுகலையில் இரண்டு பக்கத்தையும் படித்து, யாருடைய கணக்கு சரி என்று தாமே பார்க்க வேண்டுமாம்.

அண்ணன் முப்பது வருடமாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆனால் நான் அட்டை ஒட்டிய வகுப்பை மட்டும்தான் பார்த்தேன். ஒட்டாத வகுப்பு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்கவில்லை. பார்ப்பதற்கும் சோதிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். இரண்டு குழுவை எப்படிப் பிரிப்பது, ஏன் சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும், வந்த வித்தியாசம் தற்செயலா இல்லையா என்பதைத்தான் அங்கே கற்கிறார்கள். இதற்குப் புள்ளியியல் வேண்டும். கணக்குப் பாடத்துக்குப் பயந்து ஓடுகிறவர்கள் கவனிக்கவும்!

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வராதவர்களுக்கு அபராதம் போடலாம் என்று முன்பு ஒரு பேச்சு வந்ததே, நினைவிருக்கிறதா? இஸ்ரேல் நாட்டில் ஹைஃபா நகரில் 10 குழந்தைக் காப்பகங்களை எடுத்துக்கொண்டு, 6-இல் மட்டும், பிள்ளையை அழைத்துப் போக 10 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம் என்று வைத்துப் பார்த்தார்கள். கினீசி, ருஸ்திக்கினி என்ற இருவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இது. தாமதமாக வருவோர் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானார்கள். 'காசு கட்டியாச்சு, அப்புறம் என்ன' என்ற எண்ணம்தான். அபராதத்தை எடுத்த பிறகும் எண்ணிக்கை இறங்கவில்லை. நம் சங்கம் அந்தப் பேச்சைக் கைவிட்டது நல்லதாகப் போயிற்று.

இனி என்னைத் தூங்கவிடாமல் செய்த செய்திக்கு வருகிறேன். 2003 முதல் 2007 வரை அமெரிக்காவின் முக்கியமான ஆறு உளவியல் இதழ்களில் வந்த ஆய்வுகளை ஆர்னெட் என்பவர் எண்ணிப் பார்த்து 2008-இல் எழுதினார். அவற்றில் கலந்துகொண்டவர்களில் 96 விழுக்காட்டினர் மேலைத் தொழில்வள நாட்டவர்கள். உலக மக்களில் அந்நாட்டவர் 12 விழுக்காடுதான். அப்படியானால் மனித நடத்தை என்று புத்தகத்தில் எழுதியிருப்பதில் நம் லயத்துப் பிள்ளை எங்கே? தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று எத்தனை பேர் நம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். சோதித்துப் பார்த்தா சொன்னார்கள்? ஒருநாள் நானும் அதைச் சொன்னவன்தான் என்பதை இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பெண் தன் ஆய்வுக் கட்டுரைக்காக ஏதாவது ஒரு தோட்டத்துக்கு வரப் போகிறாளாம். தாளும் பேனாவுமாக வந்தால், 'யார் அனுப்பினது, மேனேஜரா?' என்று அஞ்ச வேண்டாம். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்த பிறகே அவள் வர முடியும். எதற்காகக் கேட்கிறோம் என்று உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். பிள்ளையைக் கேட்பதென்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். பிடிக்காவிட்டால் முடியாது என்று சொல்லலாம், பாதியில் எழுந்தும் போகலாம். நம் வீட்டுப் பிள்ளையே வந்தாலும் கேளுங்கள்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் சொன்னேன். டாக்டருக்குப் படித்தது போல உடனே வேலை காத்திருக்காது என்பதையும் மறைக்கவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ என்னையும் வெச்சுப் படிப்பாளா?" என்றார்.

"நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் அண்ணே."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "துரை காலத்துல இருந்து நம்மள யாரு கேட்டா..." என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். மறுவாரம் சேமநிதி அலுவலகத்துக்குப் பாரம் நிரப்ப நானும் கூடப் போனேன்.

என் வகுப்பில் இப்போது அட்டை இல்லை. அலமாரிச் சாவி பிள்ளைகளிடம் இருக்கிறது. யார் எந்தப் புத்தகம் எடுக்கிறார்கள் என்று குறித்து வருகிறேன். பக்கத்து வகுப்பில் அட்டை இருக்கிறது, அதையும் குறிக்கிறேன். "சீட்டுக் குலுக்காமச் செஞ்சா செல்லாது சார்" என்று அவள் கண்டித்துவிட்டாள். ஆகவே அடுத்த ஆண்டு தலைமையாசிரியர் அனுமதியோடும் உங்கள் சம்மதத்தோடும் முறைப்படி தொடங்க எண்ணியிருக்கிறேன். சம்மதத் தாள் உங்கள் பிள்ளையின் பையில் வரும். படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.