யாருக்கோ பாடிய பாட்டு



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அந்த ஆசிரியர் எங்களுக்குத் தமிழ் சொல்லித்தந்தவர். வகுப்பு முடிகிற நேரத்தில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போவார். விடையை மறுநாள் கேட்பார். ஒருநாள், "நீங்க கேட்டதிலேயே ரொம்ப அழகான இசை எது?" என்று கேட்டார். மறுநாள் நாங்கள் தெரிந்த சினிமாப் பாட்டுகளையெல்லாம் அடுக்கினோம். அவர் எதையும் மறுக்கவில்லை. "இன்னும் யோசிங்க" என்றார். அன்று தொடங்கிய யோசனைக்கு இன்று இந்த மேடையில் விடை சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

1. மலையில்

நான் வளர்ந்தது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில். விடியுமுன் சங்கு ஊதும்; அப்பாவும் அம்மாவும் காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போவார்கள். இரவானால் காடு மட்டும்தான் பேசும். அப்படி ஓர் இரவில் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரும்பை இரும்பு உரசும் ஓசை கேட்டது. கரகரவென்று, விடாமல், ஒரே சீரான கதியில் வந்தது. அதன் மேல் ஒரு குரல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தேன். அப்பா படுத்தபடியே சொன்னார்: "காணிக் குடியில யாருக்கோ சொகமில்லடா. பாடுறாங்க. தூங்கு."

அகத்தியர்கூடத்தைச் சுற்றிய காடுகளில் வாழும் காணி மக்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலைக்கு இந்தப் பக்கம் திருவனந்தபுரம் மாவட்டத்திலும், அந்தப் பக்கம் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் மலையாளமும் தமிழும் கலந்தே கிடக்கின்றன. வெளியுலகம் அவர்களை ஒரு மூலிகையால் அறிந்தது. 1987-இல் அவர்கள் அறிவியலாளர்களுக்குக் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சைதான் பின்னர் 'ஜீவனி' என்ற மருந்தாயிற்று. ஆனால் காணிகளின் வைத்தியத்தில் பச்சிலைக்குப் பக்கத்தில் பாட்டும் உண்டு.

அதுதான் சாற்றுப்பாட்டு. பிலாத்தி என்னும் பூசாரியே வைத்தியர், அவரே பாடகர். கையில் கொக்கரை இருக்கும். இரும்புத் தகட்டைக் குழலாக உருட்டி, நீளவாக்கில் ஒரு பிளவு விட்டு, அதன் விளிம்பில் பற்கள் வெட்டிய கருவி அது. கம்பியால் உரசினால் ஓசை எழும். கொக்கரை என்ற பெயர் தேவாரத்திலும் ஓர் இசைக்கருவிக்கு வருகிறது. அங்கே சொல்வது வேறு கருவியை. பெயர் மட்டும் எப்படியோ இந்த மலையில் தங்கியிருக்கிறது. சாற்றுதல் என்றால் தமிழில் அறிவித்தல். நோயைத் தீர்க்கச் சொல்லித் தெய்வங்களிடம் இரவு முழுக்க முறையிடுகிறது இந்தப் பாட்டு.

மறுநாள் காலையில் கடைக்கு வந்த காணிப் பெரியவர் ஒருவரிடம் அம்மா முதலில் கேட்டது, "இப்ப எப்படி இருக்கு?" என்றுதான். பாட்டு எப்படி இருந்தது என்று எங்கள் லயத்தில் ஒருவரும் பேசவில்லை. நோயாளி எழுந்தாரா என்பதே பேச்சு. எனக்கு மட்டும் அந்தக் கரகரப்பு காதைவிட்டுப் போகவே இல்லை.

2. கோட்டையில்

ஓணத்துக்கு முன்னால் காணிகள் தேன் முதலான மலைப்பொருள்களைச் சுமந்துகொண்டு கவடியார் அரண்மனைக்குப் போவது வழக்கம். அதே வழியில் நாமும் மலையிறங்குவோம். நெடுமங்காடு தாண்டினால் திருவனந்தபுரம் நகரம். அங்கே பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம் இருக்கிறது.

ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் இந்த நகருக்கு எழுந்தருளுகிறார்கள். அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்டவள் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. 1956-இல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அவர்கள் எல்லை கடந்து வருவது நிற்கவில்லை. ஒன்பது இரவும் சரஸ்வதியின் முன்னே கச்சேரி. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் இயற்றிய ஒன்பது கீர்த்தனைகள், நாளுக்கு ஒன்றாக. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, பிறகு சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி. ஒன்பதாம் நாள் ஆரபி. எண்ணெய் விளக்கொளியில் பாட்டு நடக்கும். கைதட்டக் கூடாது. பாட்டு தேவிக்கு உரியது. நாம் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம்.

தேவியின் முன்னால் நடக்கும் அந்த வழிபாட்டில் பெண்கள் பாட முடியாமலே நெடுங்காலம் கழிந்தது. 2006-இல்தான் அந்த வழக்கம் மாறியது. பாறசாலை பொன்னம்மாள் பாடினார். அவர் 1924-இல் பிறந்தவர். 1939-இல் திருவனந்தபுரத்தில் இசைக் கல்லூரி தொடங்கியபோது அதில் சேர்ந்த முதல் மாணவி. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அங்கே முதல்வராக இருந்த காலம் அது. பிறகு அதே கல்லூரியின் முதல் ஆசிரியை ஆனார். திருப்பூணித்துறை இசைக் கல்லூரிக்கும் முதல்வராக இருந்தார். எத்தனையோ மாணவர்களுக்குச் சுவாதித் திருநாள் கீர்த்தனைகளைக் கற்பித்த அந்த அம்மா, அவற்றை அவற்றுக்குரிய இடத்தில் பாட எண்பது வயதைத் தாண்ட வேண்டியிருந்தது.

அவருடைய பாட்டைப் பதிவுகளில் கேட்டிருக்கிறேன். ஆரவாரம் கிடையாது. யாரையும் வியக்கவைக்க வேண்டும் என்ற அவசரம் கிடையாது. ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் போய் அமர்ந்து, அடுத்ததற்கு வழிவிடும். எதிரே இருப்பவர் தன்னை எடைபோட மாட்டார் என்று நம்புகிறவர்தான் அப்படிப் பாட முடியும். 2021-இல் அவர் மறைந்தார்.

3. தொட்டிலில்

1813-இல் சுவாதித் திருநாள் பிறந்தபோது, தாய் கௌரி லட்சுமிபாய்க்காகக் கவிஞர் இரயிம்மன் தம்பி ஒரு தாலாட்டு எழுதினார். 'ஓமனத் திங்கள் கிடாவோ' என்று தொடங்கும் அந்தப் பாட்டை அறியாத வீடு இந்த நாட்டில் இல்லை. குழந்தையை எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் கேள்விமேல் கேள்வியாக அடுக்கிப்போகிறது பாட்டு. தூங்கு என்ற கட்டளையே அதில் கிடையாது. வியப்பைக் கேட்டே பிள்ளை உறங்கிவிடுகிறது. கருவிலேயே நாடாள உரிமை பெற்ற பிள்ளைக்கு எழுதிய பாட்டு இன்று எல்லாத் தொட்டில்களுக்கும் சொந்தம்.

மூன்று பாட்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று நோயாளிக்கு, ஒன்று தெய்வத்துக்கு, ஒன்று பச்சைக் குழந்தைக்கு. மூவரும் "ஆகா" என்று சொல்லப்போவதில்லை. பாடுகிறவருக்கும் அது வேண்டியதில்லை. ஜெர்மனியில் இசையமைப்பாளர் பாக் தம் இசைக் கையெழுத்துப்படிகள் பலவற்றின் முடிவில் 'இறைவன் ஒருவனுக்கே புகழ்' என்பதற்கான மூன்று எழுத்துகளைப் பொறித்துவைத்ததும் இந்த மனத்தோடுதான். புகழ் வேறிடத்துக்குப் போய்விட்டால் பாடகரின் கை பாட்டை விட்டு அகல்கிறது. மிச்சம் நிற்பது பாட்டு மட்டும்.

அப்படியென்றால் சபைக் கச்சேரி தாழ்ந்ததா? இல்லை. சபையிலும் ஓர் ஆலாபனையின் நடுவில் பாடகர் நம்மை மறந்துவிடும் சில நொடிகள் உண்டு. அதற்காகத்தான் நாம் மூன்று மணி நேரம் காத்திருக்கிறோம்.

இன்று எனக்குள்ள கவலையைச் சொல்கிறேன். கைபேசியில் ஒலிக்கும் பாட்டெல்லாம் நம்மை நோக்கியே வருகிறது. நமக்குப் பிடித்ததையே தேடித் தருகிறது. பிடிக்காவிட்டால் பத்து நொடியில் தள்ளிவிடுகிறோம். தொட்டிலின் பக்கத்திலும் இப்போது அதுதான் பாடுகிறது. சாற்றுப்பாட்டும் விழா மேடையில் பத்து நிமிட நிகழ்ச்சியாகச் சுருங்குகிறது. ஓர் இரவு முழுக்க ஒருவரின் உயிருக்காகப் பாடியதைக் கடிகாரம் பார்த்துப் பாடினால் கொக்கரை ஒலிக்கும், முறையீடு இருக்காது. பதிவு செய்யுங்கள், ஆராயுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மக்களிடம் கேட்டு, அவர்கள் விரும்புகிற வகையில் செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நீங்களே பாடுங்கள். குரல் நன்றாக இல்லையே என்று தயங்க வேண்டாம். பிள்ளை அதைக் கேட்காது.

ஆசிரியருக்கு நான் தர வேண்டிய விடை இன்னும் பாக்கி இருக்கிறது.

எனக்கு எட்டு வயது. தம்பி கைக்குழந்தை. நாளெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா, சேலைத் தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடினார். குரல் கம்மியிருந்தது. இரண்டு வரிக்கு ஒருமுறை அவருக்கே கண் சொருகிப் பாட்டு நின்றுபோகும். தொட்டில் சிணுங்கினால் மறுபடி தொடங்கும். கம்பளிக்குள் நான் தூங்குவதுபோல் கிடந்தேன். விழித்திருப்பது தெரிந்தால் பாட்டு நின்றுவிடுமோ என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

எனக்காகப் பாடியதில்லை அது. நான் கேட்டதிலேயே அழகான இசை அதுதான், ஐயா.