ஒரு செமஸ்டர் வெளியே போனால் ஸ்காலர்ஷிப் என்ன ஆகும்?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். பழைய கதையை எல்லாம் சாப்பாட்டு நேரத்துக்கு வைத்துக்கொள்வோம். நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். பாதிக் காலம் கல்விக் கடன் மேஜையில் உட்கார்ந்தவன். ஆகவே பணத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச வரும்.

நம்ம காலத்தில் ஒருவன் ஒரு செமஸ்டர் முழுக்க கிளாஸுக்கு வரவில்லை என்றால் அவனுக்கு மஞ்சள் காமாலை என்று அர்த்தம். இன்று அப்படி இல்லை. எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு செமஸ்டர் வெளிநாடு போகலாம், வேறு பல்கலைக்கழகத்தில் படிக்கலாம், கம்பெனியில் இன்டர்ன்ஷிப் செய்யலாம். 2021 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் விதிகளைக் கொண்டுவந்தது. டிகிரி கொடுக்கும் கல்லூரியில் பாதி கிரெடிட்டாவது எடுத்திருக்க வேண்டும். மீதியை வெளியிலும் எடுக்கலாம். 2022-இல் வந்த ட்வின்னிங் விதிகளின்படி மொத்த கிரெடிட்டில் 30 சதவீதம் வரை வெளிநாட்டிலேயே எடுக்கலாம். ஆக, மார்க்கு ஊர் விட்டு ஊர் போக வழி போட்டாகிவிட்டது. அதே பையனுடைய ஸ்காலர்ஷிப்பும் அவன் கூடப் போகிறதா என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்விக்கு விடை நம் வளாகத்துக்குள்ளேயே நடமாடியிருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் டேவிட்சன் கல்லூரி என்று ஒன்று. அங்கிருந்து இந்தியாவில் ஒரு செமஸ்டர் படிக்க வந்த பிள்ளைகள் தங்கிப் படித்தது நம்ம சென்னைக் கிறித்தவக் கல்லூரியில்தான். சேலையூர் ஏரிப் பக்கம் கேமராவோடு சுற்றுவார்களே, அவர்கள்தான். எல்லோரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்தோம். அப்படி நினைக்க வேண்டியதில்லை. 1992-இல் அமெரிக்க உயர்கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதிவிட்டார்கள். தாய்க் கல்லூரி கிரெடிட் தர ஒப்புக்கொண்ட வெளிநாட்டுப் படிப்பு என்றால், அரசு கொடுக்கும் மானியமும் கடனும் மாணவனோடு போகும். அந்தப் படிப்பு டிகிரிக்குக் கட்டாயமாக இல்லாவிட்டாலும் போகும். உதவித்தொகையைக் கணக்குப் போடும்போது, அங்கே போய்ப் படிப்பதற்கு ஆகும் நியாயமான செலவையும் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. ஏழை மாணவர்களுக்கான பெல் கிராண்ட் வாங்கும் பிள்ளையும் அதைக் கையில் வைத்துக்கொண்டே தாம்பரத்துக்கு வரலாம். இதோடு விடாமல், பெல் கிராண்ட் வாங்குபவர்களுக்கு மட்டும் வெளிநாட்டுப் படிப்புக்கென்று கில்மன் ஸ்காலர்ஷிப் என்பதை 2000-ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தின் மூலம் உண்டாக்கினார்கள்.

அங்கேயும் ஓட்டை இல்லாமல் இல்லை. கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து தரும் உதவியை எல்லாக் கல்லூரியும் வெளியே எடுத்துப் போக விடுவதில்லை. கேம்பஸ் லைப்ரரியிலோ மெஸ்ஸிலோ வேலை பார்த்துச் சம்பாதிக்கும் பையனுக்கு, ஊர் மாறினால் அந்த வரும்படியும் போச்சு.

ஐரோப்பாக்காரர்கள் இன்னும் ஒரு படி மேல். 1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தில், தாய்க் கல்லூரியில் மாணவன் வாங்கிக்கொண்டிருக்கும் கடனோ உதவித்தொகையோ அவன் வெளியே போன காலத்திலும் நிற்கக் கூடாது என்பதே விதி. அதற்கு மேல்தான் எராஸ்மஸ் பணம்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

மதுராந்தகத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. படிக்கும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்ளுங்கள். தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் வாங்குகிறாள். 1944-இல் தொடங்கிய பழைய திட்டம் அது. இந்த நாட்டில் எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரியை உண்டாக்கியது. அதன் விதிகளைப் படித்துப் பார்த்தால் ஒன்று புரியும். எழுதியவர்கள் மனதில் இருந்த மாணவன் ஒரே கல்லூரியில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். திட்டம் இந்தியாவில் படிப்பதற்கு மட்டும். வருகைப் பதிவு ஒழுங்காக இருக்க வேண்டும். 2010-இல் திருத்திய விதிகளின்படி, மாநில அரசின் முன் அனுமதி இல்லாமல் பாடத்தையோ கல்வி நிறுவனத்தையோ மாற்றினால் ஸ்காலர்ஷிப்பை ரத்து செய்யலாம். வெளியே போவது என்று அந்த விதிகளுக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டடி டூர்தான். அதுவும் தொழிற்படிப்புக்காரர்களுக்கு, வருஷத்துக்கு அதிகபட்சம் 1,600 ரூபாய்.

2021-இல் விகிதங்களை மாற்றியபோது பி.ஏ., பி.எஸ்ஸி. போன்ற படிப்புகளுக்கு ஹாஸ்டல் மாணவருக்கு வருஷம் 6,000 ரூபாய், வீட்டிலிருந்து வருபவருக்கு 3,000 ரூபாய் என்று வைத்தார்கள். கல்லூரிக் கட்டணம் தனி. நம்ம மாணவி ஐந்து மாதம் புனேவுக்கோ பெங்களூருக்கோ போகிறாள். இங்கே ஹால் அறையைக் காலி செய்தால் அவள் ஹாஸ்டல் மாணவியா, டே ஸ்காலரா? காலி செய்யாவிட்டால் இரண்டு ஊரில் வாடகை. வித்தியாசம் வெறும் 3,000 ரூபாய்தானே என்று நமக்குத் தோன்றும். மதுராந்தகத்தில் அது அம்மாவின் ஒரு மாதக் கூலியில் பெரும் பங்கு.

இன்டர்ன்ஷிப் போகிறவன் கதை வேறு. ஸ்டைபெண்ட் கிடைக்கிறதே என்று சந்தோஷப்படுவான். மேலே சொன்ன அதே விதிகளில், வேறு ஸ்காலர்ஷிப்போ ஸ்டைபெண்டோ சேர்த்து வாங்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. அப்புறம் ரயில் பாஸ். 1931-லிருந்து பீச்–தாம்பரம் மின்சார ரயில் ஓடுகிறது. நம் கல்லூரி 1937-இல் பாரிமுனையை விட்டு இங்கே வந்தபோது நகரத்துப் பையன்களைத் தூக்கி வந்ததும் அதுதான். அந்தச் சலுகை சீசன் டிக்கெட் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து கல்லூரி ஸ்டேஷன் வரைக்கும்தான். கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரம் வருகிறவன் கிண்டியில் இன்டர்ன்ஷிப் என்றால் மிச்ச தூரத்துக்குக் கைக்காசு. கூடவே, குரோம்பேட்டை ஜவுளிக் கடையில் சாயங்கால வேலை, சேலையூரில் டியூஷன் என்று அவன் ரகசியமாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த இரண்டாயிரம் மூவாயிரமும் நின்றுவிடும். எந்த விண்ணப்பத்திலும் இந்தக் காசுக்குக் கட்டம் கிடையாது.

இதையெல்லாம் கூட்டிப் பார்க்கிற பிள்ளை என்ன செய்யும்? "எனக்கு இன்ட்ரஸ்ட் இல்ல சார்" என்று சொல்லிவிடும். டிபார்ட்மென்ட்டும் சரி என்று அடுத்த பெயருக்குப் போய்விடும். பணம் இல்லை என்று வாய் திறந்து சொல்கிற பிள்ளை நூற்றில் ஒன்று.

படிக்கிற தம்பி தங்கைகளுக்குக் கடன் மேஜையிலிருந்து சில வார்த்தை. முதலில், போவது எக்ஸ்சேஞ்சா, காசு கட்டிச் சேருகிற படிப்பா என்று கேளுங்கள். எக்ஸ்சேஞ்ச் என்றால் வழக்கமாகக் கட்டணம் இங்கேதான் கட்டுவீர்கள், பெயர் நம் ரோலிலேயே இருக்கும். அது நிறுவன மாற்றம் அல்ல என்பதை முதல்வர் கையெழுத்தோடு எழுதி வாங்கி, ஸ்காலர்ஷிப் தரும் துறைக்கு ஒரு நகல் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே இருந்த நாட்களை ஓ.டி.யாகக் கணக்கு வைப்பதற்கும் முன்கூட்டியே எழுத்து வேண்டும். இல்லாவிட்டால் 75 சதவீதம் எங்கே நிற்கும்? புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். இடைநிற்றல் இல்லாமல் படிக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. ஆபீஸ் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே தவறான ஒரு டிக் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், இன்னொன்று: சிம் கார்டை ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். புதுப்பிக்கும் தேதி நீங்கள் ஊரில் இல்லாதபோது வரும், ஓ.டி.பி. பழைய நம்பருக்குப் போகும்.

கடன் வாங்கியிருந்தால் மேனேஜரைப் போய்ப் பாருங்கள். வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் ஸ்டடி டூர், புராஜெக்ட் செலவுக்கு இடம் உண்டு; ஆனால் சாங்ஷன் ஆவதற்கு முன்பே மதிப்பீட்டில் எழுதியிருக்க வேண்டும். 2009-இல் வந்த மத்திய அரசின் வட்டி மானியத்தில், படிப்பைப் பாதியில் நிறுத்தினால் மானியம் இல்லை என்று இருந்தது. ஆகவே, "ஒரு செமஸ்டர் பிரேக்" என்ற வார்த்தையை எந்தக் கடிதத்திலும் எழுதாதீர்கள். நீங்கள் பிரேக் எடுக்கவில்லை, வேறு இடத்தில் படிக்கிறீர்கள்.

கடைசியாக, நரைத்த தலைகளுக்கு. சட்டத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் நான் சொன்ன அதே 2010 விதிகளில் இன்னொரு வரியும் உண்டு. புத்தகத்துக்கும் கருவிகளுக்கும், தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் மாநில அரசோ வேறு யாரோ தரும் உதவியை மாணவர் ஸ்காலர்ஷிப்போடு சேர்த்தே வாங்கிக்கொள்ளலாம். அந்த வேறு யாரோ நாமாக இருக்கலாமே! நாம் வருஷா வருஷம் கொடுப்பது பெரும்பாலும் மெடலும் கேடயமும், முதல் மதிப்பெண்ணுக்குப் பரிசும். நல்லதுதான். அதோடு ஒரு சின்ன நிதியை வைத்து, வெளியே போகும் பிள்ளைக்கு அந்த ஊர் வாடகை அட்வான்ஸையும் ஐந்து மாத மெஸ் பணத்தையும் கிளம்பும் முன்பே கொடுத்துவிடலாம். அரசுப் பணம் கணக்கில் ஏற மாதக் கணக்காகும்; வீட்டுக்காரர் ஒன்றாம் தேதியே கேட்பார். அந்த இடைவெளிக்குத்தான் அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. நிதிக்கு ஒரே ஒரு நிபந்தனை கேட்கிறேன்: மார்க் பார்க்க வேண்டாம். டிபார்ட்மென்ட் தேர்ந்தெடுத்துவிட்டது, வீட்டில் காசு இல்லை. இந்த இரண்டும் போதும்.

இதைத் தீர்மானமாக எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். முன்மொழிபவர் இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது, வழிமொழிபவர் இடம் காலியாக இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகும் வழியில்தான் அந்த மேஜை. பேனாவும் அங்கேயே வைத்திருக்கிறேன்.