கோணல் எங்கே?

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது நம்மவர் நாவில் அடிக்கடி வழங்கும் பழமொழி. தம் குறையை மறைப்பதற்குக் கருவியின்மீது பழிசுமத்துவோரை நகையாட இதனினும் பொருத்தமான சொல் கிடைப்பதரிது. ஆயினும் இப்பழமொழியில் ஒரு வழக்கு விசாரணையின்றியே தீர்க்கப்பட்டிருக்கின்றது. ஆடியவளைக் குற்றவாளியாக்கியோருள் எவரேனும் ஒரு நூலைப் பிடித்துக் கூடத்தை அளந்து பார்த்தனரா? கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்திருப்பின் அப்பெண்ணின் நிலை யாது?

இக்கேள்வியைக் கேட்டு, அளவுகோல் கொண்டு விடையும் கண்ட துறைகளுள் ஒன்று கொல்ப் விளையாட்டு. ஸ்கொட்லாந்தில் வளர்ந்த இவ்விளையாட்டு இலங்கைக்குப் புதியதன்று. கொழும்பிலே 1879 ஆம் ஆண்டிலேயே இதற்கெனக் கழகம் தோன்றிவிட்டது. நுவரெலியாவுக்குச் சென்றோர் அந்நகரின் நடுவே பரந்து கிடக்கும் பசும்புற்றரையைக் கண்டிருப்பர். ஆனால் ஆட்டக்காரரின் தோற்பையினுள் இருக்கும் மட்டைகளின் நுட்பத்தைச் சிந்தித்தோர் சிலரே.

ஒருவர் தம் பையில் 14 மட்டைகளுக்கு மேற் கொண்டுசெல்லலாகாது என்பது விதி. அமெரிக்காவில் 1938 ஆம் ஆண்டிலும் பிரித்தானியாவில் அதற்கு அடுத்த ஆண்டிலும் இவ்வரையறை நடைமுறைக்கு வந்தது. அப்பதினான்கினுள் பெரும்பகுதி இரும்பு மட்டைகளே. ஆட்டக்காரர் இவற்றை ‘அயன்’ என்பர். இவை இலக்கமிடப்பட்டவை. இலக்கம் கூடக்கூட மட்டையின் முகம் மேல்நோக்கிச் சாயும். காம்பு ஏறக்குறைய அரை அங்குலமாகக் குறுகிக்கொண்டு வரும். ஐந்தாம் மட்டையால் அடித்த பந்து தாழ்ந்து நெடுந்தூரம் செல்லும். ஒன்பதாம் மட்டையால் அடித்த பந்து உயர்ந்தெழுந்து அண்மையில் விழும்.

இம்மட்டைகளைப் புதிதாக வாங்கும் ஒருவர் பொதுவாக யாது செய்கின்றார்? கடைக்குச் சென்று, பளபளப்பைப் பார்த்து, விலையைக் கேட்டு, பெட்டியோடு வாங்கிவருகின்றார். சட்டை தைப்பிக்கத் தையற்காரரிடம் தோளையும் கையையும் நீட்டி அளவு கொடுக்கும் அதே மனிதர், தம் உடம்பு முழுவதையும் ஈடுபடுத்தி வீசவேண்டிய கருவிக்கு அளவு கொடுப்பதில்லை. சட்டை பொருந்தாவிட்டாற் கண்ணாடி காட்டிக்கொடுக்கும். மட்டை பொருந்தாவிட்டாலோ அதனைக் காட்டிக்கொடுக்கக் கண்ணாடி இல்லை. பந்து கோணிச் செல்லும், பழி ஆட்டக்காரரைச் சேரும்.

பொருத்தம் என்பதிற் பல கூறுகள் உண்டு. காம்பின் நீளம், அதன் வளையுந்தன்மை, மட்டையின் நிறை, கைப்பிடியின் பருமன் என்பன எளிதில் விளங்குவன. இவற்றினும் மறைவானதும் முக்கியமானதும், காம்பு தலையோடு சேரும் கோணமாகும். பந்தை அடிக்கும் கணத்தில் மட்டையின் அடிப்பாகம் தரையோடு ஒட்டிச் செல்லவேண்டும். ஒருவருக்கு அக்கோணம் மிகவும் நிமிர்ந்ததாயின் மட்டையின் நுனி தரையை விட்டு எழும்பி நிற்கும். முகம் இடப்புறம் நோக்கும். வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்பக்கம் போகும். கோணம் மிகவும் தாழ்ந்ததாயின் குதிப்பாகம் எழும்ப, நுனி மண்ணிற் புதைய, பந்து வலப்பக்கம் போகும்.

இதன் அளவை எளிய கேத்திரகணிதத்தாற் கண்டுகொள்ளலாம். முகச்சாய்வு ஏறத்தாழ 34 பாகையுள்ள ஏழாம் மட்டை, ஒருவருக்குப் பொருந்தவேண்டிய கோணத்தினின்று 3 பாகை பிறழ்ந்திருப்பதாகக் கொள்வோம். அதன் முகம் ஏறக்குறைய 2 பாகை பக்கவாட்டில் திரும்பிவிடும். 150 யார் தூரம் சென்று விழும்போது அப்பந்து குறியினின்று ஏறத்தாழ 5 யார் விலகியிருக்கும். வீச்சிற் குற்றமேதுமில்லை, கண்ணிற் குற்றமேதுமில்லை, 15 அடி பிழை கருவியிலேயே அடங்கிக் கிடக்கின்றது. முகச்சாய்வு கூடிய மட்டைகளில் இவ்விலகற்கோணம் இன்னும் பெரிதாகும்.

பந்து தவறிய இடம் மாத்திரமே நட்டமாயின் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான தீங்கு வேறிடத்தில் நிகழ்கின்றது. பந்து மீண்டும் மீண்டும் இடப்பக்கம் செல்வதைக் காணும் கற்குநர், தம்மை அறியாமலே தோளைத் திருப்புவார். மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துவார். நிற்கும் நிலையை மாற்றுவார். பயிற்றுநரும் மட்டையைப் பாராது மாணவரையே திருத்துவார். கோணலான கருவியைக்கொண்டு நேரான பந்தை அடிக்க முயன்று, ஈற்றில் நேராயிருந்த உடம்பு கோணலாகின்றது. கருவியைப் பின்னர் மாற்றிவிடலாம். பழக்கத்தை மாற்றுதல் எளிதன்று. இதனாலேயே அளவெடுத்தல் தேர்ந்தவர்களுக்கே உரியது என்னும் எண்ணம் தவறாகின்றது. தேர்ந்தவர் பிழையான கருவியின் பிழையை உணர்ந்துவிடுவார். தொடக்கநிலையாளர் அதனைத் தம் பிழையென்றே நம்பிவிடுவார்.

முற்காலத்தில் காம்புகள் ஹிக்கரி என்னும் மரத்தாற் செய்யப்பட்டன. ஒரு காம்பு போல் மற்றொன்று இராது. ஆகவே நல்ல ஆட்டக்காரர் பலவற்றைக் கையிலெடுத்து வீசிப் பார்த்து, தமக்கு உகந்தவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டனர். 1930 ஆம் ஆண்டில் ஒரே பருவத்தில் நான்கு பெருஞ்சாம்பியன் பட்டங்களை வென்ற அமெரிக்கரான பொபி ஜோன்ஸ் அவ்வாறே தம் மட்டைகளைத் தெரிந்தெடுத்தவர். பிற்காலத்தில் அவற்றைக் கருவிகொண்டு சோதித்தபோது, ஒன்றைத் தவிர ஏனைய யாவும் வீசும்போது உணரப்படும் பாரத்தில் ஒத்திருந்தனவென்றும், ஒவ்வாத அந்த ஒன்றே அவருக்கு எப்போதும் தொல்லை கொடுத்த மட்டை என்றும் கூறுவர். உலகமே போற்றிய கையும் பிசகிய கருவி ஒன்றைக் கொண்டு ஒழுங்காக ஆட முடியவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

உருக்குக் காம்புகள் அமெரிக்காவில் 1924 ஆம் ஆண்டிலும் பிரித்தானியாவில் 1929 ஆம் ஆண்டிலும் அநுமதிக்கப்பட்டன. அவை ஒரே சீரானவை. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கிற் செய்யத்தக்கவை. இதனால் மட்டைகள் மலிந்தன. ஆனால் அவற்றோடு ‘நியம அளவு’ என்னும் ஓர் எண்ணமும் வந்துசேர்ந்தது. சராசரி உயரமும் சராசரிக் கைந்நீளமும் உடைய ஒரு மனிதரைக் கற்பனைசெய்து அவருக்கென மட்டைகள் வார்க்கப்பட்டன.

அம்மனிதர் யார்? அமெரிக்க விமானப்படையினர் 1950 ஆம் ஆண்டில் தம் விமானிகள் 4,063 பேரை அளந்தனர். உயரம், மார்பு, கைந்நீளம் முதலிய 10 அளவுகளிலும் சராசரி எல்லைக்குள் அடங்கியவர் எத்தனைபேர் என்று ஆராய்ந்தபோது, ஒருவர்கூட இலர் எனத் தெரியவந்தது. சராசரி மனிதருக்கெனச் செய்த ஆசனம் எவருக்கும் முழுதாகப் பொருந்தவில்லை. ஆசனத்துக்கு உண்மையானது மட்டைக்கும் உண்மையே.

இவ்வுண்மையைக் கொல்ப் உலகிற் செயலாக்கியவருள் முதன்மையாகக் கூறத்தக்கவர் கார்ஸ்டன் சொல்ஹைம். அவர் 1911 ஆம் ஆண்டில் நோர்வே நாட்டின் பேர்கன் நகரிற் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் அமெரிக்காவிற் குடியேறினார். தந்தையார் பாதரட்சை செய்பவர். மகனும் இளமையில் அத்தொழிலையே செய்தார். காலை அளவாது பாதரட்சை செய்யலாகாது என்னும் பாடம் அத்தொழிலின் அரிச்சுவடியன்றோ! பின்னர் அவர் பொறியியற்றுறையிற் புகுந்து, ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனத்திற் பணியாற்றினார். நாற்பது வயதைக் கடந்த பின்னரே கொல்ப் ஆடத் தொடங்கினார். பந்தைக் குழியிற் சேர்க்கும் மட்டை தம் கைக்கு இணங்காதபோது, பயிற்சியை மாத்திரம் கூட்டாமல் மட்டையையும் ஆராய்ந்தார். 1959 ஆம் ஆண்டில் தம் வீட்டு வாகனக் கொட்டிலில் அவர் செய்த மட்டை பந்தைத் தொட்டபோது எழுந்த ஒலியே ‘பிங்’ என்னும் பெயராயிற்று. 1967 ஆம் ஆண்டில் உத்தியோகத்தை விட்டு, மட்டை செய்வதையே தொழிலாக்கிக்கொண்டார்.

அவருடைய நிறுவனம் 1972 ஆம் ஆண்டில் ஒரு நிற அட்டவணையை வெளியிட்டது. ஆட்டக்காரரின் உயரத்தையும், நிமிர்ந்து நிற்கையில் மணிக்கட்டிலிருந்து தரைவரையுள்ள தூரத்தையும் அளந்து அட்டவணையிற் பார்த்தால், அவருக்கு எக்கோணமுள்ள மட்டை பொருந்துமெனக் காணலாம். கறுப்புப் புள்ளி நடுநிலையைக் குறிக்கும். ஏனைய நிறங்கள் அதனினும் நிமிர்ந்தவற்றையும் தாழ்ந்தவற்றையும் குறிக்கும். உயரத்தை மட்டும் பாராமல் மணிக்கட்டையும் பார்த்ததே இதன் சிறப்பு. இருவர் ஒரே உயரத்தினராயிருந்தும் ஒருவரின் கை நீண்டும் மற்றவரின் கை குறுகியும் இருத்தல் கூடும்.

ஆயினும் நின்று அளந்த அளவு முதற்படியே. மட்டை வேலைசெய்வது மனிதர் நிற்கும்போதன்று, வீசும்போது. உயர்ந்த மனிதர் மிகக் குனிந்து ஆடலாம். குள்ளமானவர் நிமிர்ந்து ஆடலாம். அன்றியும் வேகமாக வீசும்போது கைகள் சற்றே உயர்வதும், காம்பு வளைந்து தலையின் நுனி தாழ்வதும் உண்டு. ஆகையால் தேர்ந்த அளவையாளர் மட்டையின் அடியில் ஓர் ஒட்டுத்தாளை ஒட்டி, கடினமான பலகைமேல் நின்று பந்தை அடிக்கச் செய்வர். தாளில் உராய்ந்த தடம் நடுவில் விழுந்தாற் கோணம் சரி. நுனிப்பக்கம் விழுந்தால் மட்டையை நிமிர்த்தவேண்டும். குதிப்பக்கம் விழுந்தாற் சாய்க்கவேண்டும். முகத்தில் ஒட்டிய மற்றொரு தாள் பந்து எங்கே பட்டதெனக் காட்டும். இக்காலத்தில் ராடர்க் கருவிகளும் விரைவுக் கமராக்களும் பந்தின் வேகம், எழும் கோணம், சுழற்சி ஆகியவற்றை அக்கணமே எழுதித் தருகின்றன. டென்மார்க்கில் 2003 ஆம் ஆண்டில் தோன்றிய ட்ராக்மன் நிறுவனத்தின் ராடர் அவற்றுட் பேர்பெற்றது.

கருவி பெருகிய இடத்தில் வியாபாரமும் பெருகும். அளவெடுக்கச் செல்வோர் சில செய்திகளை மனத்திற்கொள்ளுதல் நன்று. பத்து அடிகளுள் மிகத் தூரம் சென்ற ஒன்றைக் காட்டி மட்டையை விற்க முயல்வோரும் உண்டு. தெரிவுக்கு உரியது அந்த ஒன்றன்று; பத்தும் எங்கெங்கே விழுந்தன என்பதே. மட்டையின் இலக்கத்தையும் நம்பிவிடலாகாது. ஒரு தலைமுறைக்கு முன் ஏழாம் மட்டையின் முகச்சாய்வு 35 பாகையளவில் இருந்தது. இன்று 30 பாகைக்கும் குறைந்த சாய்வோடு அதே இலக்கம் பொறித்து வருவனவும் உள. அதனாற் பந்து கூடுதலான தூரம் செல்வதில் வியப்பில்லை. பழைய ஆறாம் மட்டை புதிய பெயர் பூண்டு வந்திருக்கின்றது, அவ்வளவே. எனவே பழைய மட்டையை உடன்கொண்டுசென்று அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தலே அறிவுடைமை. பழைய மட்டையே போதுமானதாகவும் இருக்கலாம். மென்மையான கரியுருக்கில் அடித்துச் செய்த தலையை, அதற்குரிய பொறியிற் பொருத்தி ஓரிரு பாகை வளைத்துக்கொள்வது சிறு செலவில் முடியும் காரியம்.

பெண்களுக்கும் சிறுவர்க்கும் ஆண்களின் பழைய மட்டையை வெட்டிக் கொடுக்கும் வழக்கமும் மீளாய்வுக்குரியது. காம்பை வெட்டும்போது நீளம் மாத்திரம் குறைவதில்லை, காம்பு விறைப்பாகின்றது, வீசுகையில் தலையின் பாரம் கையிற் குறைவாகவே உணரப்படுகின்றது, கோணமும் தாழ்ந்ததாகின்றது. மெலிந்த கையில் விறைத்த காம்பைக் கொடுத்துவிட்டு, அச்சிறுமிக்கு ஆட்டம் வராது என்று தீர்ப்புக் கூறுதல் நியாயமாகுமா?

நியம அளவு என்பது ஒரு வசதியேயன்றி விதியன்று என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்றுண்டு. அமெரிக்க ஆட்டக்காரரான பிரைசன் டிஷாம்போ தம் இரும்பு மட்டைகள் அனைத்தையும் ஒரே நீளத்திற் செய்வித்து, அவற்றைக்கொண்டே 2020 ஆம் ஆண்டின் அமெரிக்க ஓப்பன் போட்டியில் வெற்றி பெற்றார். அரை அங்குலம் அரை அங்குலமாகக் குறையவேண்டுமென்னும் பழைய ஒழுங்கு அவரைக் கட்டுப்படுத்தவில்லை.

ஆனால் ஒன்று. பொருந்திய மட்டை எவரையும் ஆட்டக்காரராக்கிவிடாது. அளவெடுத்துத் தைத்த சட்டை உடம்பை வளர்ப்பதில்லை. பயிற்சியும் பொறுமையும் வேண்டிய இடத்தில் அவையே வேண்டும். அளவெடுத்தல் செய்யும் உதவி வேறு. பிழையின் ஒரு பங்கைக் கருவியினின்று நீக்கி, எஞ்சிய பங்கு யாருடையது என்பதைத் தெளிவாக்குகின்றது. அதன்பின் பந்து கோணிச் சென்றால், ஆட்டக்காரர் தம்மைத் திருத்திக்கொள்வதில் ஐயத்துக்கு இடமில்லை. திருத்தும் ஆசிரியரும் நெஞ்சறிந்து திருத்தலாம்.

கூடம் கோணல் என்று ஒருத்தி கூறும்போது நகைப்பது எளிது. எழுந்து சென்று கூடத்தை அளந்து பார்ப்பதற்குச் சிறிது நேரமே செல்லும். அளந்த பின்னர்க் கூடம் நேரென்று கண்டால் நகைப்பதற்குத் தடையில்லை. கோணலென்று கண்டாலோ, நகைத்தவர்கள் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கொத்தனாரை அழைத்தல் வேண்டும்.